எப்சி அக்காவின் புது பிரேக்

முடிச்சூர் சாலையில் குப்பனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நடந்த அந்தப் பேச்சு, கீதாவுக்கு இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் வரிசையாக நினைவிருக்கிறது. எப்சி கவுன்ட்டரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி நின்றிருந்தாள். கீதா அவளுக்குப் பின்னால், நெற்றியில் பிளாஸ்திரியோடு, உத்தரத்திலிருந்து தொங்கிய ஃபேன் பெல்ட்டுகளுக்கு நடுவில் ஒதுங்கியிருந்தாள்.

"அண்ணா, முன் சக்கரத்துக்கு பிரேக் பேட் வேணும்," என்றாள் எப்சி.

"சவுண்டு வந்துச்சா?"

"ஒரு மாசமா கீச்சுக் கீச்சுன்னு கத்திச்சு."

"அப்பவே வர்றதுக்கு இன்னா மேடம்?"

"பாட்டு சத்தத்தைக் கொஞ்சம் ஏத்தி வச்சுக்கிட்டேன்ணா."

குப்பன் சிரித்தான். சிரிப்பு முடியும்போது அவன் பார்வை கீதாவின் நெற்றியில் வந்து நின்றது. "இவங்களுக்கு இன்னா ஆச்சு?"

"அந்தப் பாட்டுச் சத்தம்தான்," என்றாள் எப்சி.

"இட்ச்சிட்டியா?"

"ஷேர் ஆட்டோ. செம்பாக்கத்துல, நல்ல மழை. முன்னாடி போனவன் கை காட்டாம நிறுத்திட்டான். நானும் மிதிச்சேன். வண்டி நிக்கல, கர்ருனு இரும்பு சத்தம்தான் வந்துச்சு."

"பேட்டு மொத்தமா தேஞ்சு, அதோட தகடு, சக்கரத்தோட சுத்துற டிஸ்க்குல உரசிகினு கீது. அதான் அந்த சவுண்டு." குப்பன் உள்ளே போய் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்தான். "மூணு வகை. இது மலிவு. கல்லு மாறி இருக்கும், சீக்கிரத்துல தேயாது. ஆனா கத்தும், டிஸ்க்கையும் துன்னும், காலை ஊனி மிதிக்கணும். இது செராமிக்கு. சவுண்டே வராது, வீல்ல கருப்புத் தூள் படியாது. பெரிய வண்டிக்காரங்க கேட்டு வாங்குவாங்க. இது கம்பெனி பேட்டு. உன் வண்டி பொறந்தப்ப அதுல இருந்தது இதான்."

"செராமிக்னா சீக்கிரம் நிக்குமா?"

"வேகமா போறவங்களுக்கு நல்லாவே புடிக்கும்."

"நாங்க எங்கண்ணா வேகமா போறது? கேம்ப் ரோட்டுலேர்ந்து மேடவாக்கம் போற வரைக்கும் தண்ணி லாரி பின்னாடிதான் ஊர்வலம். காலைல எடுத்த எடுப்புல, மழைல, பேட் ஜில்லுன்னு இருக்கும்போதே புடிக்கணும். அதுக்கு எது?"

"அப்டி கேளு. அதுக்குக் கம்பெனி பேட்தான்."

எப்சி பெட்டியைத் திறந்து ஒரு பேட்டை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். நகத்தால் சுரண்டினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னா மேடம், ரத்தம் டெஸ்ட் பண்றியா?"

"என் வேலையே அதானேண்ணா. டூப்ளிகேட் இல்லையே?"

"என் புள்ள மேல சத்தியம்."

"புள்ளைய விடுங்க. சீலைக் காட்டுங்க."

குப்பன் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த முத்திரையைக் காட்டினான். அவன் முகத்தில் கோபம் வரவில்லை, கொஞ்சம் மரியாதைதான் வந்தது. "கேட்டுக்க மேடம். மாட்டின உடனே நம்பிடாத. புதுப் பேட்டும் பழைய டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். காலி ரோட்டுக்குப் போ. அறுவதுல போய், மெதுவா மிதிச்சு இருவதுக்குக் கொண்டா. நிறுத்தாத. மறுபடி ஏத்து, மறுபடி இறக்கு. பத்துப் பதினஞ்சு வாட்டி. தீஞ்ச வாசனை வரும், பயப்படாத. அப்பறம் பிரேக்கையே தொடாம ரொம்ப தூரம் ஓட்டி ஆற வுடு. சூட்டோட நிறுத்தி காலை வச்சுகினு இருந்தன்னா, பேட்டு டிஸ்க்குல ஒரு எடத்துல அப்பிக்கும். அப்பறம் மிதிக்கறப்பல்லாம் வண்டி உதறும்."

"சரிண்ணா."

"அது பழகற வரைக்கும் நாலு பேர ஏத்திகினு போவாத."

"ஏறுறதுக்கு ஆள் இருந்தா பாக்கலாம்ணா," என்று சொல்லிவிட்டு எப்சி திரும்பி கீதாவைப் பார்த்தாள். கீதா ஃபேன் பெல்ட்டுகளைப் பார்த்தாள்.

எப்சி கடப்பேரிக்காரி. அவள் தாத்தா காலத்திலிருந்தே அந்த ஊர்தான், அந்தத் தேவாலயம்தான். அப்பா ஒரு தனியார் மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு சின்னக் காரைப் பழையதாக வாங்கினார். வெள்ளை நிறம். அவர் போன பிறகு வீடும் காரும் அண்ணன் ஜாய்சன் பெயருக்கு மாறின. வீட்டைப் பற்றி எப்சி ஒன்றும் கேட்கவில்லை. காரை மட்டும் "நான் ஓட்டிக்கிறேன்ணா" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இருபத்தேழு வயதில் கல்யாணமாகி, இரண்டு வருடத்தில் ஒரு பெட்டியோடு கடப்பேரிக்கே திரும்பி வந்தவள். அதற்குப் பிறகு அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றைத்தான்.

பள்ளிக்கரணையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். எப்சி அங்கே டெக்னீஷியன், கீதா ரிசப்ஷனில். கணக்கு எழுதும் கனகவல்லி மேடம் ஐம்பதைத் தாண்டியவர், தமிழ்நாட்டில் யாருக்கு என்ன வியாதி என்பது முதல் யாருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள் என்பது வரை சகலமும் தெரிந்தவர். கீதாவை சேலையூரிலும் கனகவல்லியை ராஜகீழ்ப்பாக்கத்திலும் ஏற்றிக்கொண்டு எப்சி தினமும் போவாள். பெட்ரோலுக்கு மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பங்கு என்ன என்று யாரும் பேசியதில்லை, ஆளுக்கு ஒரு வாரம் பங்க்கில் கார்டை நீட்டுவார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பயணம் எப்படியிருக்கும் என்று இப்போது யாராவது கேட்டால் கீதாவுக்குச் சொல்லத் தெரியாது. முன் இருக்கையில் ஏறியதும் இஞ்சி மிட்டாய் வாசனை அடிக்கும். கண்ணாடியில் ஒரு சீப்பு செருகியிருக்கும். கியருக்குப் பக்கத்தில் எப்சியின் கண்மை, பொட்டு அட்டை, கைக்குட்டை. கீதாவின் காலடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, மழைக்கு. பின் இருக்கைக்கு மேல் ஒரு குட்டித் தலையணை. கனகவல்லி மேடம் ஒருமுறை கேட்டே விட்டார். "ஏம்மா எப்சி, அடுப்பு ஒண்ணுதான் பாக்கி. அதையும் கொண்டாந்து வச்சுட்டா குடித்தனமே பண்ணிடலாமே?"

"வாடகை குடுக்காத குடித்தனம் மேடம், விடுவாங்களா?" என்று எப்சியும் சிரித்தாள்.

கீதா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள் கடப்பேரி வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன் பெண்கள் இரண்டு பேர் படிக்கும் அறையில் ஒரு சுவரோரமாக எப்சியின் கட்டில் இருந்தது. அலமாரியில் அவளுக்கு ஒரு தட்டு. அண்ணியோ அண்ணனோ முகம் சுளித்ததில்லை, நல்ல மாதிரித்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் அந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார எப்சிக்கு ஓர் இடம் இல்லை. சாத்திக்கொள்ளும் கதவு அவளுக்குக் காரில்தான் இருந்தது.

செம்பாக்கத்தில் ஆட்டோவில் மோதியபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோவின் பின்பக்கம் நசுங்கியது. கீதாவின் நெற்றி டேஷ்போர்டில் இடித்து ஒரு எலுமிச்சையளவு வீங்கியது. கனகவல்லி மேடத்தின் டிபன் பாக்ஸ் திறந்து மோர்க்குழம்பு இருக்கை முழுக்க வழிந்தது. மறுநாளே அவர் பஸ்ஸுக்கு மாறிவிட்டார். "கோவிச்சுக்காத எப்சி. எனக்கு இன்னும் ஒரு பொண்ணைக் கட்டிக் குடுக்கணும்," என்றார்.

ஜாய்சனுக்கு விஷயம் தெரிந்தது மோதிய அன்று சாயங்காலமே. அவர் கத்தவில்லை. காரைச் சுற்றி வந்து, குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பா எத்தினி வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினாரு? யார் மேலயாவது ஒரு கீறல் பட்டிருக்கா?"

"இல்லண்ணா."

"ஒரு மாசமா கத்திச்சுங்கிற. நீ பாட்டு கேட்டுக்கினு இருந்திருக்க. வண்டி என் பேர்ல இருக்கு எப்சி. நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆனா வூட்டு வாசல்ல வந்து நிக்கப் போறது போலீஸ். வித்துடலாம்."

"பிரேக்தானேண்ணா போச்சு? மாத்திடுறேன்."

"மாத்து. ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் நான் ஓட்டிப் பாக்கறேன். எனக்கு மனசு ஒப்பலைன்னா வித்துடுவேன். அப்பறம் பேசக் கூடாது."

இதைக் கீதாவிடம் சொல்லும்போது எப்சி சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் சீப்பைக் கண்ணாடியிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி அங்கேயே செருகினாள்.

குப்பன் கடைக்குப் பக்கத்தில் கதிரேசன் என்ற மெக்கானிக் பேட்டை மாற்றிக் கொடுத்தார். ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக எப்சி சேலையூருக்கு வந்து கீதாவை ஏற்றிக்கொண்டாள். வண்டலூர் தாண்டி வெளிவட்டச் சாலையில் ஏறினார்கள். கீதாவின் வேலை, திரும்பி உட்கார்ந்து பின்னால் யாரும் வராதபோது "ம்" சொல்வது. அவள் "ம்" சொன்னால் எப்சி மிதிப்பாள். வண்டி முன்பக்கம் குனிந்து வேகம் இறங்கும், நிற்பதற்கு முன் எப்சி காலை எடுத்துவிடுவாள். மறுபடி கியர், மறுபடி வேகம். முதல் சில தடவை பிரேக் மெத்தென்று பிடி இல்லாமல் இருந்தது. பிறகு தீய்ந்த வாசனை வந்தது. அதற்குப் பிறகு, மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் பிடி கூடிக்கொண்டே வந்தது.

"பாத்தியா கீதா, கடிக்குது!" என்று எப்சி கத்தினாள். பரீட்சை முடிவு பார்த்த பெண்ணைப் போல இருந்தது அவள் முகம்.

குப்பன் சொன்னதில் ஒன்றுதான் பாக்கி. பிரேக்கைத் தொடாமல் வெகுதூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். எப்சி மணியைப் பார்த்தாள். ஆராதனை தொடங்க அதிக நேரமில்லை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் பெரிய வேலை எது செய்தாலும், முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைப் போதகரான ஐயர் வெளியே வந்து பானெட்டில் கைவைத்து ஜெபம் செய்வார். அப்பா ஆரம்பித்தது அது. அதற்கு வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும் அப்பா சொன்னதுதான். அழுக்குச் சட்டையோடு கோயிலுக்குப் போவார்களா என்பார். ஆட்டோவில் மோதிய அன்று பட்ட சேறும் மோர்க்குழம்புக் கறையும் அப்படியே இருந்தன.

"இப்படியே போனா அண்ணன் மானத்தை வாங்கிடுவான்," என்று சொல்லி எப்சி பெருங்களத்தூரில் ஒரு வாட்டர் சர்வீஸுக்குள் வண்டியைத் திருப்பினாள்.

சாய்வு மேடையில் ஏற்றியதும் அங்கிருந்த ஆள் கையை உயர்த்தினான். "ஹேண்ட் பிரேக்கு நிக்கல போல கீதே. காலை எடுக்காம மிச்சிகினே இருக்கா."

எப்சி மிதித்துக்கொண்டே இருந்தாள். அவன் குழாயைத் திறந்து நேராகச் சக்கரத்துக்குள் பீய்ச்சினான். புஸ்ஸென்று நீராவி எழுந்து கண்ணாடி முழுவதையும் மூடியது.

"ஐயோ, குளுருது போல அதுக்கு!" என்று எப்சி சிரித்தாள். கீதாவும் சிரித்தாள். தீய்ந்த வாசனை போய் ஈர மண் வாசனை வந்தது. இரண்டு பேருக்குமே எதுவும் உறைக்கவில்லை.

கடப்பேரி கோயில் வாசலில் ஐயர் ஜெபம் செய்தார். வண்டி பளபளவென்று நின்றது. ஜாய்சன் சாவியை வாங்கிக்கொண்டு தெருக்கோடி வரை போய், திரும்பி வந்து நிறுத்தினார். அவர் நிறுத்தும்போது முன் சக்கரம் இரண்டும் தடதடவென்று உதறுவது வாசலில் நின்றிருந்த கீதாவுக்கே தெரிந்தது. ஸ்டியரிங்கும் அவர் கைக்குள் சேர்ந்து உதறியது.

"ஐயர் ஜெபம் பண்ணியும் இந்த நடுக்கமா?" என்றார் ஜாய்சன் இறங்கியபடி. "வண்டலூர்ல ஒருத்தர் கேட்டுக்கினு இருக்காரு. சனிக்கிழமை வந்து பாக்கச் சொல்றேன்."

கோயிலிலிருந்து வந்தவர்கள் எப்சியைத் தாண்டிப் போனார்கள். அவள் தலையிலிருந்து முக்காட்டை எடுக்கவும் மறந்து நின்றாள். கீதாவுக்கு என்ன தோன்றியதோ, பொதுவாக யாரிடமும் முந்திப் பேசாதவள், "தண்ணி அடிச்சதாலதான் சார். காலைல நல்லாத்தான் பிடிச்சுது, நான் கூடத்தான் இருந்தேன்," என்றாள்.

ஜாய்சன் அவளைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார்.

"அடிபட்டது உங்களுக்குத்தான் சிஸ்டர். சரி, உங்க மேலயே விடுறேன். சனிக்கிழமை காலைல நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க. இந்த வண்டில திங்கக்கிழமை ஏறுவீங்களா, மாட்டீங்களான்னு நீங்களே சொல்லுங்க. ஏறுவேன்னா அவரை வர வேணாம்னு சொல்லிடுறேன்."

திங்கட்கிழமை குப்பன் நடந்ததைக் கேட்டுக் கவுன்ட்டரில் குத்தினான். "குளுப்பாட்டிட்டியா? இன்னா மேடம் நீ! அடுப்புலேர்ந்து எறக்குன தோசைக்கல்லுல தண்ணி ஊத்துவியா?"

"கோயிலுக்குப் போகணுமேண்ணா."

"அது செரி. வண்டிக்கு அது தெரியுமா?"

கதிரேசன் சக்கரங்களைக் கழற்றினார். பளபளப்பான டிஸ்க்கில் பேட்டின் அளவுக்கே ஒரு கருந்தடம், மருதாணி அப்பிய மாதிரி பதிந்திருந்தது. உப்புத்தாளால் டிஸ்க்கையும் பேட்டையும் நெடுநேரம் தேய்த்தார். "அப்பினது மட்டும்தான்னா தேய்ச்சா போயிடும். தண்ணி பட்டு டிஸ்க்கே வளைஞ்சிருந்தா இது வேலைக்கு ஆவாது. மறுபடி மொதல்லேர்ந்து பழக்கிப் பாருங்க. என்னால இப்ப எதுவும் சொல்ல முடியாது," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் பர்மிஷன் சொல்லிவிட்டு மறுபடி வெளிவட்டச் சாலைக்குப் போனார்கள். கீதா திரும்பி உட்கார்ந்தாள். "ம்." மிதி. "ம்." மிதி. முந்தைய ஞாயிற்றுக்கிழமை இருந்த கூச்சலும் குதூகலமும் இல்லை. இருவரும் உள்ளங்காலால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் உதறல் இருந்தது. வாசனை வந்தது. பிடி வந்தது. உதறல் குறைந்த மாதிரி இருந்தது, குறைந்ததா அல்லது அப்படி நினைக்க ஆசையா என்று கீதாவுக்குத் தெரியவில்லை.

பிறகு ஆறவிடும் ஓட்டம். எப்சி காலை பிரேக்கிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, ஆக்சிலேட்டரிலேயே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் போய்க்கொண்டிருந்தாள். ஜன்னல்களை இறக்கிவிட்டார்கள். இடது பக்கம் ஒரு டீக்கடை வந்தது. வடை எண்ணெயில் விழும் சத்தம் கூடக் கேட்டது.

"கீதா, வடை."

"நிறுத்தக் கூடாதுக்கா."

"பாவி. பசில உயிர் போவுது."

"ஆறட்டும்."

இன்னொரு டீக்கடை வந்தது. அதையும் பார்த்துக்கொண்டே கடந்தார்கள். எப்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கிய பிறகு அவளாகவே பேசினாள். சேர்ந்து வேலைக்குப் போன நான்கு வருடத்தில் ஒரு நாளும் பேசாத பேச்சு.

"கட்டிக் குடுத்த வூட்ல நான் தனியா உக்காந்தா, 'இன்னா யோசிக்கிற?'ன்னு கேப்பாங்க. அவங்கம்மா கேப்பாங்க, அவர் கேப்பாரு. ஒண்ணும் யோசிக்கலைன்னா நம்ப மாட்டாங்க. சும்மா உக்காந்திருக்கேன்னு சொன்னா அதுக்கு ஒரு சண்டை. வேற ஒண்ணும் பெரிசா இல்ல கீதா, அடிச்சதில்ல, திட்டுனதில்ல. ரெண்டு வருஷம் ஒரு நாள் கூட சும்மா உக்காரல நான். திரும்பி வந்தப்ப அப்பா ஒரு வார்த்தை கேக்கல. சாவியக் குடுத்து, 'போய் ஒரு ரவுண்டு வா'ன்னாரு. தாம்பரம் ஏரிக்கரைல நிறுத்திட்டு சும்மா உக்காந்திருந்தேன். இருட்டற வரைக்கும்."

என்ன சொல்வது என்று தெரியாதபோது பேசாமலிருப்பது கீதாவின் இயல்பு. எப்சிக்கும் அது தெரியும். அதனால்தான் சொன்னாளோ என்னவோ. காற்று சீப்பை ஆட்டிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை ஜாய்சன் ஓட்டினார். கீதா பக்கத்தில், எப்சி பின்னால். சானடோரியம் பக்கமிருந்து ஜிஎஸ்டி சாலையில் ஏறி, வண்டிகள் குறைந்த இடத்தில் வேகமெடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் ஓங்கி மிதித்தார். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. பின்னால் எப்சி மூச்சுவிடும் சத்தம் கேட்டது. இன்னொரு முறை வேகமாகப் போய் மிதித்தார், அப்போதும் அப்படியே. பிறகு பக்கத்துத் தெருவுக்குள் திருப்பி, ஆள் நடக்கிற வேகத்தில் போய், மெல்ல அழுத்தி நிறுத்தினார். நிற்பதற்குக் கடைசி நொடியில், தரைக்கடியிலிருந்து லேசாக ஒரு துடிப்பு வந்து போனது. நாடி பிடித்துப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு.

ஜாய்சன் இன்ஜினை அணைத்தார். "சொல்லுங்க சிஸ்டர்."

கண்ணாடியில் எப்சியின் பாதி முகம் தெரிந்தது. கீதா அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

"வேகமா போய் மிதிக்கும்போது ஒண்ணும் இல்ல சார். நேரா நிக்குது. மெதுவா நிறுத்தும்போது கடைசில லேசா துடிக்குது. அது இன்னும் போகல."

தெருவில் ஒரு பால்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போனார்.

"திங்கக்கிழமை?" என்றார் ஜாய்சன்.

"ஏறுவேன் சார். சேலையூர் பஸ் ஸ்டாப்ல எப்பவும் நிக்கிற இடத்துல நிப்பேன்."

"அந்தத் துடிப்பு எனக்கும் தெரிஞ்சுது," என்றார் ஜாய்சன். சாவியை எடுத்து, திரும்பாமலே பின்பக்கம் நீட்டினார். "கதிரேசன்கிட்ட மறுபடி காட்டு. இனிமே வண்டி கத்திச்சுன்னா மொதல்ல பாட்டை நிறுத்து."

எப்சி சாவியை வாங்கிக்கொண்டாள். இறங்கி முன்பக்கம் வந்து, அண்ணன் எழுந்த இருக்கையில் உட்கார்ந்து, இருக்கையைத் தன் அளவுக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள்.

அந்தத் துடிப்பு நாளாக ஆகத் தேய்ந்து, மழைக்காலம் முடிவதற்குள் போயே போய்விட்டது. கனகவல்லி மேடம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த கால்வலியோடு மூன்றாம் வாரமே திரும்பி வந்தார். ஏறியதும், "பொண்ணுக்கு வரன் அமைஞ்சிடுச்சு, இனிமே எனக்கு ஒண்ணு ஆனாலும் பரவால்ல," என்றார். டிபன் பாக்ஸை மட்டும் அதற்குப் பிறகு இரண்டு கைகளாலும் மடியில் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

அப்படி இன்னும் இரண்டு வருடங்கள் போனார்கள். மேடவாக்கம் சந்திப்பில் தண்ணி லாரிகளுக்குப் பின்னால் நின்றார்கள். பள்ளிக்கரணையில் சதுப்பு நிலம் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் எப்சி வேகத்தைக் குறைப்பாள். குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்றடித்தால் ஜன்னலை ஏற்றுவார்கள், இல்லாத நாளில் இறக்கிவிட்டு நாரைகளைப் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காத நாட்கள். அவற்றில் ஒன்றைக் கூட கீதாவால் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் சேர்ந்துதான் நினைவிருக்கிறது.

பிறகு எப்சிக்குப் பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. மாணவர்கள் தங்கும் தெருவில் ஒரே ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தாள். ஜாய்சன்தான் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். போகிற நாளில் காரையும் அவள் பெயருக்கே மாற்றிக் கொடுத்தார். கீதா இப்போது நிலையத்தின் வேனில் போகிறாள். வேன் நன்றாகத்தான் இருக்கிறது. ஏசி உண்டு. வண்டி நிற்கும்போது அவள் கால் தானாகத் தரையை அழுத்தும், ஏதாவது துடிக்கிறதா என்று. பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது.

ஜாய்சனிடம் அப்படிச் சொல்ல உனக்கு எப்படித் தைரியம் வந்தது என்று கனகவல்லி மேடம் பலமுறை கேட்டிருக்கிறார். லேசாகத் துடிப்பதை மறைத்திருந்தால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது, வண்டி போயிருந்தால் எப்சி உடைந்தே போயிருப்பாளே என்று. கீதா சிரித்து மழுப்பிவிடுவாள். அந்தச் சனிக்கிழமை காலை ஜாய்சன் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்கு முன்னால், எப்சி அவளைக் காருக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். கியருக்குப் பக்கத்தில் இருந்ததையெல்லாம் அதற்குள் அவள் ஒரு பையில் எடுத்து வைத்திருந்தாள். சீப்பும் கண்ணாடியில் இல்லை. ராத்திரி தூங்காத கண்.

"கீதா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள். "எனக்காகப் பேசாத. பொய் சொல்லி இது எனக்குக் கிடைச்சா, தினம் காலைல நீ ஏறும்போது பயத்தோட ஏறுறியான்னு உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருப்பேன். அப்பறம் இதுலயும் என்னால சும்மா உக்கார முடியாது. ஆடிச்சுன்னா, ஆடிச்சுன்னு சொல்லிடு."